உபரி மருந்துக்காரரும் அமெரிக்க ராணுவமும்

போன வாரம் ராத்திரி பதினொன்றரை மணிக்கு எங்கள் ஹாஸ்டலில் ஒரு சண்டை. மெஸ் சாம்பாரில் ஆரம்பித்து, கவுன்ட்டர் ஸ்ட்ரைக் வழியாக, எப்படியோ எம்-16 துப்பாக்கியில் போய் நின்றது.

பக்கத்து அறை நண்பன் சொன்னான்: "மச்சி, எம்-16 ஒரு டப்பாடா. வியட்நாம்ல ஜாம் ஆகி ஜாம் ஆகியே எத்தனை பேரு செத்தான் தெரியுமா? ஏகே-47ஐ சேத்துல புதைச்சு எடுத்தாலும் சுடும்."

என்.சி.சி.யில் இருக்கும் இன்னொருவன் விடவில்லை. "துப்பாக்கி நல்லாத்தான் இருந்துச்சு. அவனுங்கதான் க்ளீன் பண்ணல."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அமெரிக்காவில் சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், ராணுவம் வேண்டாம் என்று விற்ற உபரி வெடிமருந்தை வாங்கி வீட்டிலேயே தோட்டா நிரப்புவார், அவரிடம் கேட்டால் இதற்குப் பதில் தெரியும் என்றேன். அவ்வளவுதான். அறையே சிரித்தது. "ராணுவம் தூக்கிப் போட்டத வாங்கி வீட்ல தோட்டா செய்யறாரா? அந்த ஆளு இன்னும் உயிரோட இருக்காரா?"

இருக்கிறார் நண்பர்களே. பத்து விரலும் இருக்கின்றன. அந்தப் பெரியவரையும் 1964-ஆம் வருட அமெரிக்க ராணுவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், வெடிமருந்தைப் பொறுப்பில்லாமல் கையாண்டது ராணுவம்தான். அன்று ராத்திரி கத்தலில் இதைச் சொல்ல முடியவில்லை. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் இது பொழுதுபோக்கு கிடையாது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். நான் இங்கே எந்த அளவும் கொடுக்கப்போவதில்லை, கேட்கவும் வேண்டாம். அமெரிக்காவில் இது சட்டப்படி நடக்கும் சாதாரண விஷயம். நம் ஊரில் மாடியில் புறா வளர்ப்பவர்கள் மாதிரி, அங்கே கார் நிறுத்தும் கொட்டகையில் மேஜை போட்டுத் தோட்டா நிரப்புகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஒரு ரைஃபிள் தோட்டாவில் நாலு பொருள்: பித்தளைக் கூடு, அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். விலை உயர்ந்த பித்தளைக் கூடு மட்டும் மிச்சம். அதைத் துடைத்து, அச்சில் வைத்து அழுத்திப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாகப் போட்டால் மறுபடி தோட்டா. சிக்கனம் ஒரு காரணம். தன் துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டாவைத் தானே கண்டுபிடிப்பது இன்னொரு காரணம். மருந்தை கிரெய்ன் என்ற அளவில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நம் தட்டான்மார்களின் குன்றிமணி எடை ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் வரும். பாதிக் குன்றிமணி கூடினாலும் குறைந்தாலும் கவலைப்படுகிற உலகம் அது.

இப்போது மருந்து. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள்.

ரைஃபிள் மருந்து படத்தில் வருவது போல 'டமால்' என்று வெடிப்பதில்லை. அது எரிகிறது. மிக மிக வேகமாக, ஆனால் கணக்காக எரிகிறது. நைட்ரோசெல்லுலோஸ்தான் பெரும்பாலும் அடிப்படை. சில வகைகளில் நைட்ரோகிளிசரினும் சேரும். மூடிய இடத்தில் அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். எரியும் வேகம் ஏற ஏற அழுத்தமும் ஏறும். இந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் போடுவது மருந்து மணியின் அளவும் வடிவமும் அதன்மேல் பூசியிருக்கும் பூச்சும்தான். ஒரே வேதிப்பொருளைக் குழாய்த் துண்டு மாதிரி வெட்டினால் ஒரு வேகம், உருண்டையாக்கினால் வேறு வேகம், மேலே பூச்சைக் கூட்டினால் இன்னொரு வேகம். (நீலகிரி ரயிலில் போனால் குன்னூரைத் தாண்டி அருவங்காடு வருமே, அங்குள்ள கார்டைட் தொழிற்சாலையின் பெயரில் இருக்கும் கார்டைட்டும் இப்படி வடிவத்தால் பெயர் வாங்கியதுதான். கயிறு போல இழுத்த மருந்து என்பதால் அந்தப் பெயர்.)

அதனால் "இவ்வளவு கிராம் மருந்து போட்டால் இவ்வளவு வேகம்" என்று பொதுவாக ஒரு வாக்கியம் சொல்லவே முடியாது. எந்த மருந்து, எந்த லாட், எந்தக் கூடு, எந்தக் குண்டு, எந்தத் துப்பாக்கி?

இது புரியாதவர்கள் அம்மாவிடம் கேளுங்கள். ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர்? அம்மா உடனே பதில் சொல்ல மாட்டார். "பச்சரிசியா புழுங்கலரிசியா? புதுசா பழசா?" என்று திருப்பிக் கேட்பார். அதே கடை, அதே பெயர், அதே மூட்டைச் சின்னம் இருந்தாலும், புது மூட்டை பிரித்தால் முதல் நாள் உலை சோதனை உலைதான். பழைய கணக்கில் தண்ணீர் வைத்தால் ஒன்று குழையும், இல்லை நறுக்கென்று நிற்கும். சோற்றில் தப்பினால் அப்பா முகம் சுளிப்பார், அவ்வளவே. ரைஃபிளில் தப்பினால், கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால் ஒரு சதுர அங்குலத்துக்கு ஐம்பதாயிரம் பவுண்டு அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இரும்பு இருக்கிறது.

உபரி மருந்து எங்கிருந்து வந்தது என்பதே ஒரு நல்ல கதை. முதல் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க அரசிடம் மலை மலையாக மருந்து மிஞ்சியது. அதை எரித்து அழித்தார்கள். இரண்டாம் போர் முடிந்தபோதும் அதே நிலைமை. கான்சாஸ் மாநிலத்தில் எரிவாயு நிறுவனத்தில் வேலை பார்த்த புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர், இதை எரிக்காமல் தோட்டா நிரப்புபவர்களுக்கு விற்றால் என்ன என்று யோசித்தார். ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி, கேரண்ட் ரைஃபிள் தோட்டாக்களுக்காகச் செய்யப்பட்ட 4895 என்ற மருந்தை டன் கணக்கில் வாங்கினார். வைக்க இடமில்லை. ஒரு பழைய ரயில் பெட்டியை வாடகை மேய்ச்சல் நிலத்தில் கொண்டுபோய் நிறுத்தி அதையே கிடங்காக்கினார். பத்திரிகையில் ஒரு அங்குல விளம்பரம். அப்படித் தொடங்கியதுதான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ஹாட்ஜ்டன் மருந்து நிறுவனம்.

அடுத்து அவர் விற்ற உபரிகளில் புகழ்பெற்றது 4831. போரில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்காகச் செய்தது. மெதுவாக எரியும். பெரிய வேட்டைத் தோட்டாக்களுக்கு இதைவிட மலிவாக, இதைவிடப் பொருத்தமாக அந்தக் காலத்தில் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு தலைமுறை வேட்டைக்காரர்களின் அளவுக் குறிப்பெல்லாம் இதை வைத்தே எழுதப்பட்டது. எவ்வளவு பெரிய குவியலும் ஒருநாள் தீரும்தானே. தீர்ந்தபோது ஹாட்ஜ்டன் அதே பெயரில் புதிதாகச் செய்யச் சொல்லி ஸ்காட்லாந்திலிருந்து வரவழைத்தது. 1970-களில் டூபான்ட் நிறுவனமும் ஐ.எம்.ஆர். 4831 என்று ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். எண் ஒன்று. ஆனால் டூபான்டின் 4831 கொஞ்சம் வேகமாக எரியும். ஹாட்ஜ்டன் 4831-க்கு எழுதிய உச்ச அளவை டூபான்ட் 4831-இல் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். நாலு இலக்கமும் ஒத்துப்போகிறது, மருந்து ஒத்துப்போகவில்லை. 2003-இல் ஐ.எம்.ஆர். பெயரையே ஹாட்ஜ்டன் எடுத்துக்கொண்டதால் இரண்டு 4831-களும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தது தனி வேடிக்கை. இந்தக் குழப்பத்தால்தான் எந்தக் கையேட்டைத் திறந்தாலும் 'ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதே' என்ற எச்சரிக்கை நிற்கிறது.

கடையில் டப்பாவில் வரும் மருந்துக்காவது, செய்பவர்கள் லாட்டுகளைக் கலந்து ஒரே மாதிரி எரியும்படி சமன்படுத்தித் தருவார்கள். ராணுவ உபரிக்கு அந்த வசதி கிடையாது. தொழிற்சாலைக்குப் பீப்பாய் பீப்பாயாகப் போகும் மருந்து லாட்டுக்கு லாட் மாறும். தோட்டாத் தொழிற்சாலைக்காரர்கள் ஒவ்வொரு லாட்டுக்கும் சோதனைக் குழலில் சுட்டுப் பார்த்து, அதற்கேற்ப எடையை மாற்றிக்கொள்வார்கள். அவர்களிடம் அழுத்தம் அளக்கும் கருவி இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் இல்லை.

அப்போ அவர் என்ன செய்கிறார்? சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்த அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை முழுக்க அவர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முன்னாள் மெஷினிஸ்ட். அதிகம் பேசமாட்டார். உபரி மருந்து ஜாடி ஒன்றைத் திறந்தார். முதலில் முகர்ந்தார், என்னையும் முகரச் சொன்னார். நல்ல மருந்தில் லேசாக ஈதர் வாசனை அடிக்கும். கெட்டுப்போன மருந்து அமிலம் போல மூக்கில் குத்தும், செம்பழுப்புப் புகை வரும், துரு நிறத் தூள் படியும். நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் தானே சிதையக்கூடியது. சிதையும்போது வரும் அமிலம் மேலும் சிதைக்கும். அதைப் பிடித்துவைக்கத்தான் டைஃபினைலமைன் போன்ற நிலைநிறுத்திகளைச் சேர்க்கிறார்கள். (கெமிக்கல் டிபார்ட்மென்ட் மக்களே, நாம் பரீட்சைக்கு மட்டும் படித்து மறந்த தன்னூக்க வினை இதுதான்.)

பிறகு நோட்டுப் புத்தகம். ஒரு லாட்டுக்கு ஒரு பக்கம். அதில் லாட் எண், வாங்கிய தேதி, எந்த ரைஃபிள், எந்தக் கூடு. இரண்டு லாட்டை அவர் ஒருநாளும் கலப்பதில்லை. அதே பெயரில் அச்சான அளவு இருந்தாலும் உச்சத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை; கீழே இறங்கி, சிறு சிறு படியாக ஏறுகிறார். ஒவ்வொரு படியிலும் சில தோட்டாக்கள். சுடும்போது குண்டின் வேகத்தைக் கருவி குறித்துக்கொள்கிறது. எதிர்பார்த்ததைவிட வேகம் அதிகமாக வந்தால் அழுத்தமும் அதிகம் என்று அர்த்தம். இலவசமாகக் கூடுதல் வேகம் கிடைக்காது. சுட்ட கூட்டின் அடியைப் பார்க்கிறார், பிரைமர் தட்டையாகிவிட்டதா, போல்ட்டைத் திறக்கக் கை கனக்கிறதா என்று பார்க்கிறார். ஆனால் அந்த அடையாளங்களையும் முழுசாக நம்புவதில்லை. அவை கண்ணில் படும்போது ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும் என்றார்.

அன்று மாலை நாலரைக்கு, ஒரு படி ஏறியதும் வேகம் அவர் கணக்கைவிடத் தூக்கலாக வந்தது. எனக்கு அது நல்ல செய்தியாகத் தோன்றியது. அவர் மீதித் தோட்டாக்களைச் சுடாமல் பெட்டியில் போட்டு, வீட்டுக்கு வந்து, குண்டைப் பிடுங்கி, மருந்தைத் திரும்ப ஜாடியில் கொட்டினார். அரை நாள் வேலை வீண். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

இப்போது ராணுவத்துக்கு வருவோம்.

யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-15, பின்னாளில் எம்-16 ஆனது. அதன் 5.56 தோட்டா, டூபான்டின் ஐ.எம்.ஆர். 4475 என்ற குழாய்த்துண்டு வடிவ மருந்தோடு வளர்ந்தது. துப்பாக்கியின் வாயுத் துளை, போல்ட்டின் எடை, ஸ்பிரிங் எல்லாம் அந்த மருந்து தரும் அழுத்தத்துக்கு ஏற்பப் பழகியவை. ராணுவம் உள்ளே வந்ததும் விதி எழுதினார்கள்: குண்டு விநாடிக்கு 3,250 அடி வேகத்தில் போக வேண்டும், அழுத்தமும் எல்லைக்குள் இருக்க வேண்டும். மொத்த உற்பத்தியில் 4475 இரண்டையும் ஒன்றாகத் தரத் திணறியது. விதியைத் தளர்த்தியிருக்கலாம். செய்யவில்லை. 1964-இல் மருந்தை மாற்றினார்கள். ஓலின் நிறுவனத்தின் டபிள்யூசி 846 என்ற பால் பவுடர் உள்ளே வந்தது. (பால் என்றால் ஆவின் இல்லை, பந்து. உருண்டை மணிகளாக இருப்பதால்.)

இந்தப் பால் பவுடரின் பூர்விகத்தைக் கேளுங்கள். முதல் போரில் மிஞ்சி வீணாய்க் கிடந்த பீரங்கி மருந்தை எப்படி மீட்பது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஃப்ரெட் ஓல்சன் என்பவர் 1930-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த முறை அது. பழைய மருந்தைக் கரைத்து, அதிலிருக்கும் அமிலத்தைக் கால்சியம் கார்பனேட்டால் முறித்து, உருண்டைகளாக்குவது. ஆக, ஹாஸ்டலில் நீங்கள் சிரித்த உபரி மருந்துக்குப் பிறந்த பிள்ளைதான் ராணுவம் தேர்ந்தெடுத்தது. அதில் தப்பே இல்லை. ராணுவம் செய்த தப்பு, அந்தப் பெரியவர் அந்தச் சனிக்கிழமை செய்ததைச் செய்யாமல் விட்டது.

புது மருந்து உச்ச அழுத்த எல்லைக்குள்தான் இருந்தது. தோட்டா பாஸ். ஆனால் அது எரியும் போக்கு வேறு; குழலில் வாயுத் துளை இருக்கும் இடத்தை எட்டும்போது அழுத்தம் முன்பைவிட அதிகம். போல்ட் சீக்கிரமே, வேகமாகப் பின்னால் போனது. பித்தளைக் கூடு அப்போது இன்னும் சேம்பர் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். கொக்கி கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வர, கூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நிமிடத்துக்கு 850 என்பது சுடும் வேகத்தின் மேல் வரம்பு. புது மருந்தில் பல துப்பாக்கிகள் அதைத் தாண்டின. போதாக்குறைக்கு அந்தக் கால்சியம் கார்பனேட் படிவு வாயுக் குழாயை அடைத்தது.

எனக்கு ரத்தம் கொதிக்கும் இடம் அடுத்தது. துப்பாக்கி செய்த கோல்ட் நிறுவனம், புது மருந்தில் சுட்டால் எங்கள் துப்பாக்கிகள் வேக வரம்புச் சோதனையில் தேறாது என்று ராணுவத்திடம் சொன்னது. ராணுவம் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? மருந்தை நிறுத்து, துப்பாக்கியைப் பார், ரெண்டில் ஒன்று. சொன்ன பதில்: சோதனைக்குப் பழைய மருந்துத் தோட்டாவையே பயன்படுத்திக்கொள். தொழிற்சாலையில் பழைய மருந்தால் சோதித்துத் தேறிய துப்பாக்கி, வியட்நாம் போனதும் புது மருந்தைச் சுட்டது. நம் லேபில் ரீடிங் சரியாக வரவில்லை என்று சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவோமே, அதையே ஒரு அரசாங்கம் செய்தது. நமக்கு ரெண்டு மார்க் போகும். அங்கே போனது பத்தொன்பது வயதுப் பையன்களின் உயிர்.

1967 மே மாதம் நியூ ஜெர்சி உறுப்பினர் ஜேம்ஸ் ஹோவர்ட், ஒரு மரீன் வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தை அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாசித்தார். செத்துக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில், சரிசெய்யப் பிரித்துப் போட்ட நிலையில் அவர்களுடைய ரைஃபிள் கிடந்தது என்று அதில் இருந்தது. அதே மாதம் மிசௌரி உறுப்பினர் ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. ஸ்டோனரும் வந்து சாட்சி சொன்னார். முடிவெடுத்த பிறகே தன்னிடம் கருத்துக் கேட்டார்கள் என்றார். அக்டோபரில் அறிக்கை வந்தது. 1964-இல் மருந்தை மாற்றியதற்குச் சோதனை ஆதாரம் இல்லை என்றும், தோட்டாக் குறையைத் திருத்தாமல் விட்டது குற்றத்துக்குரிய அலட்சியத்தை ஒட்டியது என்றும் அந்தக் குழு எழுதியது. எழுதியது வெளியிலிருந்து வந்த எதிரி கிடையாது. அந்த நாட்டு நாடாளுமன்றமே.

என்.சி.சி. நண்பனுக்கு இப்போது பதில். நீ சொன்னதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. துடைக்கத் தேவையே இல்லாத துப்பாக்கி என்ற பேச்சு பரவியிருந்தது. துடைக்கும் கம்பியும் எண்ணெயும் போதுமான அளவு போய்ச்சேரவில்லை. ஈரமான காட்டுக்குப் போகும் துப்பாக்கியின் சேம்பருக்குக் குரோம் பூச்சும் கொடுக்கவில்லை. துரு அரித்த சேம்பரில் கூடு இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் செய்தார்கள். 1966 கடைசியில் பஃபர் மாறியது, 1967-இல் சேம்பருக்குக் குரோம் வந்தது, மருந்தில் கால்சியம் கார்பனேட்டைக் குறைத்தார்கள், பராமரிப்பைச் சொல்லிக் கொடுக்க வில் ஐஸ்னரை வைத்துப் படக்கதைப் புத்தகமே போட்டார்கள். துப்பாக்கியும் திருந்தியது.

ஆனால் "க்ளீன் பண்ணல" என்பது யார் முதலில் சொன்ன வாதம் என்று யோசி. மருந்தை மாற்றிய அலுவலகத்துக்கு மிகவும் வசதியான வாதம் அது. பழி மேஜையிலிருந்து இறங்கி, பதுங்கு குழியில் கிடக்கும் பையன் தலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அவன் துடைத்திருந்தாலும், அவன் துப்பாக்கி எந்த மருந்துக்குப் பழகியதோ அந்த மருந்து அவன் கையில் இல்லை.

"டப்பா துப்பாக்கி" நண்பனுக்கும் ஒன்று. அந்த மருந்தும் டப்பா கிடையாது. 1970 வாக்கில் டபிள்யூசி 846-ஐ இரண்டாகப் பிரித்தார்கள். 5.56 துப்பாக்கிக்குப் பொருந்துகிற வகைக்கு டபிள்யூசி 844 என்று தனிப் பெயர், தனி விதி. அதன்பின் அதே எம்-16 குடும்பம் அந்த மருந்தைப் பல பத்தாண்டுகள் ஒழுங்காகச் சுட்டது. மருந்தைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பார்க்க ஆரம்பித்த பிறகு பிரச்சினை தீர்ந்தது. ஆறு வருஷம் முன்னாலேயே பார்த்திருக்கலாம். அந்த ஆறு வருஷத்துக்கு நடுவில்தான் அந்தக் கடிதம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டபிள்யூசி 844-இன் மரபில் வந்ததுதான் ஹாட்ஜ்டன் எச்335 என்று விற்கும் மருந்து. 846-இன் மரபில் வந்தது பிஎல்-சி(2). உபரியாகவும் இவை ஜாடி ஜாடியாக வந்தன. ராணுவத்தைத் தடுமாற வைத்த அதே மருந்தை, ஆய்வுக்கூடம் இல்லாத, பட்ஜெட் இல்லாத, ஓய்வூதியக்காரர்கள் கொட்டகையில் உட்கார்ந்து நிரப்பிப் பிரமாதமாகச் சுட்டார்கள். அவர்கள் மேதைகள் என்று சொல்லவில்லை. முட்டாள்களும் உண்டு, நண்பன் சொன்ன அளவை எடுத்து நேரே உச்சத்தில் நிரப்பி ரைஃபிளை உடைத்துக்கொள்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், பெரியவரே சொல்வார். அந்த முட்டாள் உடைப்பது தன் துப்பாக்கியை, தன் கையை. கையெழுத்துப் போட்ட அதிகாரி கையில் ஒரு கீறலும் விழவில்லை. இருவருக்கும் இடையே எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் இதுதான்.

இதையெல்லாம் ஒரு கெமிக்கல் மாணவன் ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறான் என்றால், போன செமஸ்டர் எங்கள் ப்ராஜெக்டிலும் இதே வார்த்தை வந்தது: "ஈக்விவலென்ட்." கேட்ட கரித்தூள் கிடைக்கவில்லை, அதற்குச் சமமானது என்று சொல்லி வேறு ஒன்றை அனுப்பினார்கள். பெயர் ஒன்று, எடை ஒன்று. மணியின் அளவு மட்டும் வேறு. நெடுங்குழாய் இரண்டாம் நாளே அடைத்துக்கொண்டது. மூன்று வாரம் நாங்கள் பம்பைத் திட்டினோம். பம்ப் சரியில்லை என்றோம், பிறகு "யாரோ சரியா கழுவல" என்று ஜூனியரைத் திட்டினோம். கரித்தூளைச் சல்லடையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கடைசியில்தான் தோன்றியது. அந்த ஜூனியரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, இந்த வாரம் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை அதே அறையில் இந்தச் சண்டையைத் தொடரலாம். ஏகே-47 பற்றிப் பேச விரும்புகிறவர்கள் அதற்கு எந்த மருந்து, எந்த லாட் என்று தெரிந்துகொண்டு வரவும். டீ என் செலவு.